ஆவணம் ஏற்கப்பட்டது

முஃபீதா வேலை பார்ப்பது பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். மொத்தமே ஒன்பது பேர். வீடு மேலப்பாளையம். கணவனோடு ஒத்துவராமல், மகள் ஸமீஹாவைத் தூக்கிக்கொண்டு வாப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளையை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட வேண்டும். நாலு மணிக்கு ஒரு பெண்ணை வீட்டுக்குக் கிளம்ப விடுகிற கம்பெனி ஊரில் வேறு இல்லை. அதற்காகவே முதலாளி அருணாசலம் என்ன சொன்னாலும் தலையாட்டப் பழகியிருந்தாள்.

அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் செயலி. ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடுகிற மாதிரி அவள்தான் அதை எழுதியிருந்தாள். வாடிக்கையாளர்கள் தங்கள் அட்டை, சான்றிதழ்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள். வந்ததில் பாதி எதற்கும் உதவாது. தாளோடு கட்டைவிரல் வந்தது, போர்வை வந்தது, ஒன்றில் தாளின் மேல் பூனை உட்கார்ந்திருந்தது. ஆகவே செயலிக்குள்ளேயே ஒரு ஸ்கேனர் வேண்டும் என்றார்கள். கேமராவைக் காட்டினால் அதுவே தாளின் நாலு மூலையையும் கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, நிழலை எடுத்துவிட்டுத் தர வேண்டும்.

ஐபோனில் மூன்று நாளில் வந்துவிட்டது. படங்கள் மட்டும் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. ஆண்ட்ராய்டில்தான் பாடாய்ப்பட்டாள். விலை குறைந்த போன்களில் ஸ்கேனரைத் திறந்ததுமே செயலி தானாக மூடிக்கொண்டது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். ஸ்கேன் நன்றாக விழுந்தால் பச்சை டிக்கோடு ஒரு வரி வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்ததை அவளே தமிழில் போட்டாள்: ‘ஆவணம் ஏற்கப்பட்டது.’ அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. படம் தெளிவாக இருக்கிறது, செயலி எடுத்துக்கொண்டது. அவள் நினைத்த பொருள் அவ்வளவுதான்.

“புதுத் தாள்ல எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது,” என்றார் அருணாசலம். “கிழிஞ்ச தாளு வேணும்மா. மடிச்சு மடிச்சு ஓட்டை விழுந்த தாளு. போனும் ஓட்டை போனா இருக்கணும். அப்படி ஆளு நான் கொண்டாரேன்.”

சனிக்கிழமை ஒரு வேனில் இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடியதும் மலையிலிருந்து கீழே இறங்கி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அரசாங்கத்திடம் வீடு கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. ரேஷன் கார்டு, எஸ்டேட் அடையாள அட்டை, சாதிச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு மஞ்சள் பையில் எல்லாத் தாளையும் கொண்டுவந்திருந்தார்கள். “உங்க தாளையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துதோம். பின்னால உதவும்,” என்று மட்டும் அருணாசலம் சொல்லியிருந்தார். எதற்கு உதவும் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

காலை பத்திலிருந்து அவர்களை வரிசையில் நிறுத்தி, அவரவர் போனிலேயே செயலியைப் போட்டு, முஃபீதா ஸ்கேன் செய்து பார்த்தாள். நாற்காலி ஆறுதான் இருந்தது.

ஏழாவது ஆள் பிச்சைக்கண்ணு. அறுபது தாண்டியவர். முப்பத்தெட்டு வருடம் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டியவர். அவருடைய ரேஷன் கார்டு நாலாக மடிந்து, மடிப்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. வெள்ளை மேசையில் வைத்தால் கேமராவுக்கு மூலை பிடிபடவில்லை. பத்துத் தடவைக்கு மேல் எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் கறுப்புத் துப்பட்டாவை மடித்து அடியில் விரித்தாள். உடனே பிடித்துக்கொண்டது. பச்சை டிக் விழுந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். “ஆவணம் ஏற்கப்பட்டது.” இன்னொரு முறையும் வாசித்தார். “ஏத்துக்கிட்டாங்களா தாயி?”

பக்கத்தில் அலுவலக ஐபோன் ஸ்கேன் நடுவில் உறைந்து நின்றிருந்தது. அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, “ஆமாய்யா, ஏத்துக்கிட்டாச்சு,” என்றாள்.

“அப்போ வீட்டுக்குன்னு இனி எங்கயும் போய் நிக்க வேண்டாமுல்லா?”

அதற்குத்தான் அவள் நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற அருணாசலம், “ஒண்ணும் வேண்டாம் பெரியவரே. டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க,” என்றார். முஃபீதா மறுபடியும் ஐபோனைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து, காவலாளி கீழேயிருந்து கூப்பிட்டான். யாரோ ஒரு பெரியவர் போக மாட்டேன் என்று நிற்கிறாராம். அருணாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, “நீயே போய்ச் சொல்லி அனுப்பு. மேல கூட்டிட்டு வந்துராத,” என்றார்.

மாடிப்படி அடியில் பிச்சைக்கண்ணு நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை அம்பாசமுத்திரம் தாலுகா அலுவலகத்தில் வீட்டுக்கு மனு வாங்கியிருக்கிறார்கள். அன்றோடு கடைசி. மற்றவர்கள் போய்க் கொடுத்தார்கள். இவர் போகவில்லை. அவர் குடியிருந்த வளவு வீடுகளில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேனில் கூட வந்திருந்த நாலு குடும்பத்துக்காரர்கள் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். நம்மளோடதுதான் ஏத்துக்கிட்டாங்களே, என் கண்ணால வாசிச்சேன், எதுக்கு ஒரு நாள் கூலியைக் கெடுக்கிய என்று சொல்லியிருக்கிறார். இப்போது முதல் பட்டியல் வந்துவிட்டது. ஐந்து குடும்பமும் அதில் இல்லை.

“உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்லா தாயி. அதை மட்டும் அங்கன அனுப்பிச்சா போதும்.”

“அது வேறய்யா. இதுக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்ல.”

“அப்போ அன்னைக்கு எங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்திய?”

பொய் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. “எங்க கேமரா சரியா வேலை செய்யுதான்னு பாக்க,” என்றாள்.

அவர் போனை எடுத்து அந்தப் பச்சை டிக்கை அவளுக்கே திருப்பிக் காட்டினார். அதைக் காட்டினால் மனசு இறங்கிவிடுவாள் என்பதுபோல் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நின்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு அம்பாசமுத்திரத்துக்குப் போனாள். அலுவலகத்தில் ஒரு அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். போனை வாங்கிப் பார்த்தார்.

“ஏற்கப்பட்டதுன்னு போட்டிருக்கே. யாரு போட்டது இது? நீங்க யாரும்மா?”

கம்பெனிப் பெயர் கோப்பில் ஏறிவிடும் என்று முஃபீதாவுக்குப் பட்டது. நாலு மணியும் பள்ளிக்கூட வாசலும் கண்ணுக்குள் வந்தன. “எனக்குத் தெரியாது சார். பெரியவருக்குத் துணைக்கு வந்தேன்.”

அதிகாரி உதட்டைப் பிதுக்கிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கம்பெனிக்காரி என்று தெரிந்தும் பிச்சைக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும், “எனக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துட்டு வந்திய. நல்லா இருங்க,” என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடைத் தாங்க முடியாமல் பஸ் ஏறும்வரை அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் தனியாக அதே அதிகாரி முன்னால் போய் நின்று, அந்த வரியை எழுதியது தான்தான், தங்கள் கம்பெனியால்தான் இவர்கள் ஏமாந்தார்கள், எழுதியே தருகிறேன் என்றாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “அன்னைக்கே சொல்லியிருந்தா, தவறான தகவலால விடுபட்டவங்கன்னு ஒரு குறிப்பு வச்சு மேல அனுப்பியிருப்பேன். நாலு நாள் டைம் இருந்துது. இப்போ கடைசிப் பட்டியலே கையெழுத்தாகிப் போயிட்டு. எதுக்கும்மா தெரியாதுன்னு சொன்னீங்க?”

முஃபீதா வெளியே வந்து பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை போய் முதல் வேலையாக அந்த வரியை ‘படம் தெளிவாக உள்ளது’ என்று மாற்றினாள். ஏன் மாற்றினாய் என்று அருணாசலம் கேட்டார். சின்னத் திரையில் நன்றாக அடங்கும் சார் என்றாள். ஸ்கேனர் எந்தத் தாளையும் பிடிக்கிறது என்று சென்னைக்காரர்களுக்கு ஏகப்பட்ட திருப்தி. அருணாசலம் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நோன்பு முடிந்த வாரம், ஒரு பை பழத்தோடு கல்லிடைக்குறிச்சிக்குப் போனாள். தெருவில் பிச்சைக்கண்ணு வீடு எது என்று கேட்டதும் ஒரு பெண், “யாரு, படிச்ச மேதையா?” என்று சொல்லிக் கையைக் காட்டினாள். அந்த நாலு குடும்பமும் அவரோடு பேச்சை நிறுத்தி மாதமாகிறது. பிள்ளைகள்கூட அவர் வாசலைக் கடக்கும்போது ‘ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது’ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவருடைய மகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் எழுந்திருக்காமலேயே தகப்பனைப் பார்த்து, “வாசிச்சுக் காட்டும்வே, இன்னும் எதாவது கொண்டு வந்திருப்பாவ,” என்றான்.

முஃபீதா பழப்பையைப் படியில் வைத்துவிட்டு வாசலிலேயே நின்று சொன்னாள். “அந்த எழுத்தை நான்தான்யா போட்டேன். அன்னைக்கு அந்த ஆபீஸ்ல நான் அதைச் சொல்லல.”

பிச்சைக்கண்ணு எழுந்து வாசலுக்கு வந்தார். கோபப்படுவார் என்றுதான் அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பிழையில்லாம எழுதியிருந்திய தாயி,” என்றார். “அதான் நம்பிட்டேன்.”

அவர் மனைவி வெளியே வந்து, பழப்பையைப் படியிலிருந்து எடுத்து முஃபீதாவின் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.