மணல் தீர்ந்த பிறகும்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு மாரடைப்பு வந்துபோனது. உடம்பு தேறிய பிறகு, கிளப்பில் புதிதாகக் கட்டியிருந்த சவுனா என்னும் வெப்பக் குளியல் அறைக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வாரம் ரெண்டு நாள் போங்க. பத்தே நிமிஷம். தலை சுத்துனா அப்பவே வெளிய வந்துருங்க," என்றார்.

போய் வந்த நாட்களில் உடம்பு லேசாக இருந்தது, நல்ல தூக்கமும் வந்தது. மாரடைப்பு சமாச்சாரத்தை மட்டும் நானும் மனைவியும் வெளியே விடவில்லை. மகளுக்கு அப்போதுதான் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பத்தில் பேசி முடித்திருந்தோம். அப்பன் நெஞ்சு நோய்க்காரன் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயந்து செத்தேன்.

ஒருநாள் சம்பந்தி கோவைக்கு வந்தார். பெருமை யாரை விட்டது? சவுனாவுக்கு அழைத்துப் போனேன். துண்டைக் கட்டிக்கொண்டு மரப்பலகையில் உட்கார்ந்தோம். சுவரில் பத்து நிமிட மணல் கடிகாரம். மணல் தீர்ந்தது. விருந்தாளிக்கு முன்னால் நான் எழலாமா?

"போலாமுங்களா?" என்றேன்.

"உங்க சௌகரியமுங்க."

"எனக்கென்னுங்க, நீங்க சொல்லுங்க."

"அட, நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கறேனுங்க."

இரண்டு பேரும் மரியாதையில் வெந்துகொண்டிருந்தோம். நெஞ்சு திக்திக்கென்று அடித்தது, கண் இருண்டது. மகள் முகம் நினைவுக்கு வந்தது. கல்யாணத்தைக் காப்பாற்றப் போய், தாலி கட்டும்போது நான் இல்லாமல் போனால்? மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்தேன்.

"முடியலீங்க சம்பந்தி. போன வருஷம் எனக்கு அட்டாக் வந்துச்சுங்க. சொல்லாம விட்டுப்போட்டேன். மன்னிச்சுப்போடுங்க."

அவரும் எழுந்து, என் தோளைப் பிடித்துத் தள்ளாடியபடி வெளியே வந்தார். தண்ணீர் குடித்து மூச்சு சமாதானமான பிறகு, ஆணியில் தொங்கிய தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நெஞ்சு வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை. என் பையிலும் அதே அட்டைதான் இருந்தது.

"எனக்கு ரெண்டு வருசமாச்சுங்க," என்றார். "தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துபோட்டேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. பாவி மனிதரே என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணப் பந்தியில் சமையல்காரர் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்து, "உப்பில்லாத பொரியல் யாருக்குங்க?" என்று உரக்கக் கேட்டார். மொத்தச் சொந்தமும் திரும்பிப் பார்த்தது. நாங்கள் இருவரும் ஒன்றாகக் கையைத் தூக்கினோம்.