மேலேயும் கண்ணாடி

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற சாலையில் வீடு இருந்தால் செடியில் பச்சையே தெரியாது. இலை மேல் வெள்ளை படிந்துவிடும். என் மனைவி தினமும் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். பார்த்துச் சலித்துப்போய், அவளுடைய செடிகளுக்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டித் தருகிறேன் என்று சொன்னேன்.

திட்டம் முழுக்க என்னுடையது. மேற்கே வைத்தால் வெயிலில் செடி வெந்துவிடும் என்று வீட்டின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெக்கை போக இரண்டு ஜன்னல், தண்ணீர் வழியத் தரையில் சரிவு, தொட்டிகளுக்கு இரும்பு ஸ்டாண்டு, எல்லாம் நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். அலுமினிய வேலைக்கு வந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, கூரைப் படத்தில் விரலை வைத்தார்.

"பக்கத்துல கண்ணாடி போடலாங்க சார். மேல வேணாம். சுரங்கத்துல வெடி வைக்கிறாங்கல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் பொறந்ததுலேருந்துதான் வைக்கிறாங்க. எங்க வூடு விழுந்துடுச்சா?"

"அப்ப டஃபன் கண்ணாடியாவது போடுங்க. உடைஞ்சாலும் பொடியா உதிரும். என்ன, திருச்சியிலேருந்து வர மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சாதாரணக் கண்ணாடியே போதும் என்றேன்.

மதியம் ஒன்றரைக்குச் சுரங்கத்தில் சங்கு ஊதும். சற்று நேரத்தில் வெடி. சங்கு கேட்டதும் எங்கள் ஊர் வீடுகளில் அலமாரி விளிம்பில் இருக்கும் டம்ளர்களை உள்ளே தள்ளி வைப்பார்கள், பேச்சை நிறுத்தாமலே. அந்தக் கைகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்படியும் தலைக்கு மேல் கண்ணாடியை ஏற்றினேன்.

அறை முடிந்ததும் அவள் ஒரு பிரம்பு நாற்காலியைச் செடிகளைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் நான் பெரம்பலூரில், ஆபீசில் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாற்காலிக்கு நேர் மேலே, சட்டத்தின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அது ஒரு சாண் ஆகியிருந்தது. அலுமினியக்காரரைக் கூப்பிட்டால் சொன்னேனே சார் என்பார். வெயிலுக்கு நல்லது என்று சொல்லி, விரிசலுக்குக் கீழே பச்சை வலையைக் கட்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு ஆபீசில் ஒன்றரை மணி ஆனால் சோறு இறங்காது. எழுந்து போய் அவளுக்கு போன் செய்வேன், எடுத்ததும் சும்மாதான் என்று வைத்துவிடுவேன். வெட்கங்கெட்ட பயம்.

காய்ச்சலுக்கு லீவு போட்டுக் கூடத்தில் படுத்திருந்த ஒரு நாள் சங்கு ஊதியது. திறந்த கதவு வழியாக நாற்காலியின் முதுகு தெரிந்தது, அதன் மேல் அவள் துண்டு. எழுந்து வா என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே என்று ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் தரை அதிர்ந்தது.

நான் ஓடியபோது வலை கிழிந்து தொங்கியது. பிரம்பில் ஒரு கண்ணாடித் துண்டு நட்டுக்கொண்டு நின்றது. நாற்காலியில் யாரும் இல்லை.

பின்னால், சமையலறை வாசலில், அவள் ஒரு ஆந்தூரியம் தொட்டியோடு நின்றிருந்தாள்.

"தெனமும் சங்கு ஊதுற நேரமானா இங்க வந்துடுவேன்" என்றாள்.

"விரிசல எப்ப பாத்த?"

"நீங்க வலை கட்டுறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க."

அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. தொட்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்குமாறு எடுக்கப் போனாள். கத்தியிருப்பேன் என்பது எனக்கும் தெரியும்.