ரூபாவும் பேசாத கார்டும்

ரூபா என் சின்னம்மா மகள். ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்ததால் மெதுவாகப் பேசத் தெரியாதவள். போனில் அவள் ஹலோ சொன்னால் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பேன். தெலுங்கு மீடியத்தில் படித்து, புத்தூர் காலேஜில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர்ஸ் முடித்துவிட்டு, இரண்டு வருஷமாக வீட்டுத் தறிக்கு இழை கோர்த்துக்கொண்டிருந்தாள். தறியில் ஏற்றும் ஒரு பாவுக்கு நாலாயிரம் இழை. ஒவ்வொன்றையும் கொக்கியால் ஒரு சின்னக் கண்ணுக்குள் இழுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் துணி முழுக்கக் கோடு விழும். அந்த வேலை செய்யும்போது அவள் கை மட்டும்தான் நிதானமாக இருக்கும். வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

2004இல் நான் ஆறு வருஷம் சிங்கப்பூர், பினாங்கு, ஹாம்பர்க் என்று சுற்றிவிட்டு நகரிக்குத் திரும்பியிருந்தேன். கையில் ஒரு பழைய லேப்டாப். ஹாம்பர்க்கில் அறையைப் பகிர்ந்துகொண்ட ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்தது. அதில் விண்டோஸ் இல்லை, ஃப்ரீபிஎஸ்டி என்று ஒரு சிஸ்டம் இருந்தது. அதில் மெயில் பார்ப்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் வரவில்லை. ரூபாவிடம் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் நான் பெயர்கூடக் கேள்விப்படாததையெல்லாம் அதில் செய்துகொண்டிருந்தாள்.

மிஷினைப் போட்டதும் திரையில் கோடும் புள்ளியுமாக ஒரு குட்டிப் பிசாசு வரும். அந்த சிஸ்டத்தின் சின்னம் அது. கொம்பு, வால், கையில் சூலம்.

"இன்னாடி இது, முனி மாதிரி கீது?" என்றாள் சுந்தரம்மா சின்னம்மா, முதல் தடவை பார்த்தபோது.

"அது சும்மா படம்மா."

"சூலத்த வச்சிக்கினு சும்மாவா நிக்கும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த அக்டோபரில் பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. திருப்பதியில் கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும், ஃப்ரீபிஎஸ்டி தெரிந்திருக்க வேண்டும். ரூபா போன் செய்தாள். எடுத்தவர் ஹரிபாபு, அங்கே எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. "சர்டிபிகேட் ஒண்ணும் வேணாம். முப்பதாம் தேதி சனிக்கிழமை பத்து மணிக்கு உன் மிஷினை எடுத்துனு வா. எங்க நெட்வொர்க்ல அது சேரணும். சேரலைன்னா பேச ஒண்ணும் இல்ல" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டில் இன்னொரு ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பெண்களைக் கூட்டிப்போகும் கங்கையாவிடம் ரூபாவின் அப்பா, தணிகாசலம் சித்தப்பா, வாக்கு கொடுத்திருந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம், ஹாஸ்டலில் தங்க வேண்டும். நவம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வேன் வரும்.

"சனிக்கெழம வேல கெடச்சா இரு. இல்லன்னா திங்கக்கெழம ஏறு. இதுக்கு மேல என்னால சொல்லிக்கினு இருக்க முடியாது" என்றார் சித்தப்பா. ரூபா சரி என்றாள். அவ்வளவு நம்பிக்கை அந்த லேப்டாப்பின் மேல்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பிக்கை போய்விட்டது.

அந்த லேப்டாப்பில் நெட்வொர்க் வசதி உள்ளேயே கிடையாது. பக்கவாட்டில் ஒரு பிளவு இருக்கும், அதில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு கார்டைச் செருக வேண்டும். கார்டின் வெளிமுனையில் கேபிள். வீட்டில் நெட் இல்லாததால் புத்தூரில் பிரவீன் நடத்திய நெட் சென்டருக்குக் கொண்டுபோய்த்தான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள். இரண்டு மாதமாக ஒழுங்காக வேலை செய்த கார்டு அன்றைக்கு மக்கர் பண்ணியது. சிஸ்டம் கார்டைப் பார்க்கிறது, பெயர் சொல்கிறது, ஆனால் கேபிளைச் செருகிய கொஞ்ச நேரத்தில் 'வாட்ச்டாக் டைம்அவுட்' என்று திரை முழுக்க வரிசையாக விழுகிறது. ஒரு எழுத்துகூட உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

"விண்டோஸ் போட்டுட்டா அஞ்சு நிமிஷ வேல. ஊர்ல இல்லாத சிஸ்டத்த வச்சிக்கினு ஏன் ரூபா கஷ்டப்படற?" என்றான் பிரவீன்.

"அந்தக் கம்பெனில விண்டோஸ் கேக்கல."

எங்கள் இருவருக்கும் ஒரே சந்தேகம். நாலு நாள் முன்னால்தான், சென்னையிலிருந்து நான் வாங்கி வந்த சிடியிலிருந்து சிஸ்டத்தின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தாள். புதிதில் இந்தக் கார்டை ஓட்டும் டிரைவர் புரோகிராமைக் கெடுத்திருப்பார்கள். சிடி வாங்கி வந்தது நான். எனக்கு உட்காரவே முடியவில்லை.

"வா, இப்பவே மெட்ராஸ் போய் வேற கார்டு வாங்கிடலாம்" என்றேன்.

"வேணாக்கா. புதுசு வாங்கி அதுவும் இப்பிடியே நின்னா? எது கெட்டுதுன்னே தெரியாம நானு எத சரி பண்றது?"

அன்றிலிருந்து எங்கள் வாரம் பஸ்ஸிலும் கரண்ட் கட்டிலுமாகப் போனது. டிரைவரில் ஏதாவது மாற்றினால் சிஸ்டத்தின் அடிப்படையான கெர்னலைத் திரும்பவும் கட்ட வேண்டும். அந்தக் கிழ லேப்டாப்புக்கு அதற்கு நாலு மணி நேரம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மூன்றாவது மணி நேரத்தில் கரண்ட் போகும், தெருவில் அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும், திடீரென்று வந்த அந்த அமைதியில் ரூபா கத்துவது மட்டும் கேட்கும். திங்கட்கிழமை இரண்டு தடவை அப்படிப் போய், மூன்றாவது தடவை முடிந்தது. செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் புத்தூர். கேபிளைச் செருகினாள். அதே வரி.

"உன் முனிக்கு இன்னிக்கும் அருள் வரலையா?" என்றான் பிரவீன்.

"வந்தா மொதல்ல உன்னத்தான் அடிக்கும். போடா."

திரையில் விழுந்த வரிகளையெல்லாம் நோட்டில் கையால் எழுதிக்கொண்டாள். பிரவீனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த சிஸ்டத்தைப் பயன்படுத்துபவர்கள் கேள்வி கேட்கும் மெயில் குழுவுக்கு அதை ஒரு எழுத்து விடாமல் அடித்து அனுப்பினாள். பதில் வரும்வரை சும்மா இருப்பாளா? புதன்கிழமை பழைய பதிப்பையே திரும்ப ஏற்றினாள். மத்தியானம் மறுபடி புத்தூர். பழையதிலும் அதே 'வாட்ச்டாக் டைம்அவுட்'.

அதுதான் எங்களைக் கலக்கியது. பழைய பதிப்பில் வேலை செய்தது இப்போது பழைய பதிப்பிலும் செய்யவில்லை என்றால் நாங்கள் மூன்று நாளாகத் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தோம். திரும்பும் பஸ்ஸில் ரூபா அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் கங்கையா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"துணிமணி ரெண்டு செட்டு போதும்மா. பாயி, தலகாணி எல்லாம் அங்கயே குடுக்கறாங்க" என்றார்.

"நானு வரேன்னு சொல்லவே இல்லியே பெரீப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரவீன் கடைக்குப் போனபோது பதில் வந்திருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர், எந்த நாடு என்றுகூடத் தெரியாது, இரண்டே வரி எழுதியிருந்தார். அதே கார்டு, அதே சிஸ்டம், தன்னிடம் ஒழுங்காக ஓடுகிறது. கார்டு எத்தனை தடவை இன்டரப்ட் கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும்.

எனக்கு ரூபாதான் விளக்கினாள். கார்டுக்கு ஏதாவது வேலை முடிந்தால் அது லேப்டாப்பின் மூளையைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அந்தக் கூப்பிடலுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். யார் யார் எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று சிஸ்டம் கணக்கு வைத்திருக்கும். ஒரு கட்டளையை அடித்துப் பார்த்தாள்.

"கீபோர்டு முந்நூறு தடவ கூப்ட்டுகீது. டிஸ்க் பத்தாயிரத்த தாண்டிச்சி. இது..." விரலைத் திரைமேல் வைத்தாள். "இது ஒரு தடவகூட கூப்புடலக்கா."

"அப்ப கார்டு செத்துடுச்சா?"

"செத்திருந்தா பேரு சொல்லாது. உள்ள எல்லாம் கீது. கூப்புடற எழ மட்டும் அறுந்துகீது. எழ அறுந்தா மோட்டாரயா கழட்டுவோம்? நானு அஞ்சு நாளா மோட்டாரக் கழட்டிக்கினு இருந்தேன்."

கார்டை வெளியே உருவினாள். உள்ளே போகும் முனையில் இரண்டு வரிசையாக அறுபத்தெட்டுப் பொடித் துளைகள். லேப்டாப்பின் உள்ளே இருக்கும் ஊசிகள் அந்தத் துளைகளில் பொருந்த வேண்டும். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தவள் அப்படியே மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். ஓரத்தில் ஏழெட்டுத் துளைகள் மஞ்சளாக அடைத்திருந்தன.

சந்தனம்.

பிரவீன் சிரித்த சிரிப்பில் நெட் சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரூபா சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

"ஆமா, போன வாரம் ஆயுத பூஜைக்கு வச்சேன்" என்றாள் சின்னம்மா, ஒளிக்காமல். "தறிக்கு வச்சேன், மோட்டாருக்கு வச்சேன், சுச்சிபோர்டுக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம உட்டா அந்த முனி இன்னா நெனைக்கும்?"

"மூடிமேல வெக்கறதுதானம்மா! ஓட்டைல ஏன் வச்ச?"

"நாடாவுக்கு எங்கடி வெக்கறோம்? கண்ணுலதானே வெக்கறோம்? இதுக்கும் கண்ணு அந்தப் பக்கம்தானே கீது?"

எங்கள் வீடுகளில் நூலைச் சுமந்து ஓடும் நாடாவுக்கு, நூல் வெளியே வரும் கண்ணருகில்தான் பொட்டு வைப்பார்கள். ரூபா உருவித் தனியாக வைத்திருந்த கார்டுக்கும் சின்னம்மா அதையேதான் செய்திருக்கிறாள், கொஞ்சம் தாராளமாக.

கரண்ட் இல்லை. வாசலில் வெயில் இறங்கும் இடத்தில் ரூபா கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இழை கோர்க்கும் கொக்கி தடிமன் என்று ஒதுக்கிவிட்டாள். விறைப்பான நூல் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு உருட்டி எடுத்தாள். துளைக்கு ஒரு புது நூல். அடைத்த எட்டோடு நிறுத்தவில்லை, அறுபத்தெட்டையும் செய்தாள். சித்தப்பா வந்து பார்த்தார்.

"இதுதான் கெடுத்துச்சா?"

"இதுதான்னு நெனைக்கறேன் நைனா."

"நெனைக்கறியா? போட்டுப் பாக்கலையா?"

"கேபிள் இருந்தாத்தான் தெரியும். பிரவீன் மத்தியானமே கடையச் சாத்திட்டு காணிப்பாக்கம் கோயிலுக்குப் போய்ட்டான்."

சித்தப்பா, வெயில் நகர்ந்துகொண்டிருந்ததால் அவள்மேல் விழுந்த தறிக்கொட்டகைக் கதவின் நிழலை விலக்கக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கடைசித் துளைவரை நின்றார்.

சனிக்கிழமை திருப்பதியில், அந்தக் கம்பெனியின் இரண்டாவது மாடியில், எங்களுக்கு முன்னால் நாலு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் புதிது. ஒருவன் ரூபாவின் லேப்டாப்பைப் பார்த்து இன்னொருவன் காதில் ஏதோ சொன்னான். ஹரிபாபு மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு பேருடையது சேர்ந்தது. மூன்றாவது சேரவில்லை, அவன் போய்விட்டான். நாலாவது சேர்ந்தது.

ரூபா கார்டைச் செருகினாள். குட்டிப் பிசாசு வந்தது. கேபிளைச் செருகினாள். கார்டின் முனையில் பச்சை விளக்கு எரிந்தது. அது முன்பும் எரியும், அதை நம்ப முடியாது. கட்டளையை அடித்துவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டாள். ஒரு வரி. இரண்டாவது வரி. பதில் வந்துகொண்டே இருந்தது.

"இவ்வளவு பழைய கார்டு. பிரச்னை பண்ணலையா?" என்று கேட்டார் ஹரிபாபு.

டிரைவர் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"பண்ணிச்சு சார். அம்மா பூஜைக்கு ஓட்டைல சந்தனம் வச்சிட்டாங்க."

"கந்தமா?" என்றார் ஹரிபாபு, சந்தனத்தின் தெலுங்குப் பெயரில்.

"ஆமா சார், கந்தம்."

அறையே சிரித்தது. ஹரிபாபுவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படிக் கண்டுபிடிச்ச?" அவள் சொன்னாள்: முதலில் டிரைவர் என்று ஏமாந்தது, மூன்று நாள் வீணானது, பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தது, பிறகு யாரோ சொல்லி இன்டரப்ட் எண்ணியது, சைபர் வந்தது. தறிச் சத்தத்துக்கு மேல் பேசும் குரலில் சொன்னாள். பாதியில் ஹரிபாபு சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கண்ணாடி மூக்குக்கு இறங்கியிருந்தது.

"உள்ள ஒரு சர்வர் இருக்கு. ஒரு மாசமா தினமும் மத்தியானம் விழுது, அப்படியே நின்னுடுது. எங்க ஆளுங்க நாலு தடவை சிஸ்டத்தை மாத்திப் போட்டுட்டாங்க. போய்ப் பாரு."

"வேல, சார்?"

"ஒரு மாசம் பாக்கலாம். இன்னிக்கே ஆரம்பிச்சுக்கோ."

நான் வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன், நடந்தேன், கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ரூபா தலையெல்லாம் தூசியாக வெளியே வந்து, மேஜைமேல் இருந்த போனை எடுத்து நகரிக்குப் போட்டாள். அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அவளும் கத்தினாள், சித்தப்பாவும் கத்தினார். ஆபீசில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கெடச்சிடுச்சி நைனா. திங்கக்கெழம நானு வேன் ஏறல."

"கங்கையாகிட்ட வாக்கு குடுத்துட்டேனேடி!"

"நீ குடுத்த வாக்கு நைனா. நீயே போயி திருப்பி வாங்கிக்கோ."

சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"சரி, எந்த பஸ்ல வர்ற?"

"இங்க ஒண்ணு மத்தியானம் விழுதாம். அது எப்பிடி விழுதுன்னு கண்ணால பாத்துட்டுதான் வருவேன்" என்று ரிசீவரை வைத்தாள். "நீ கெளம்புக்கா" என்றாள் என்னிடம். மறுபடி அந்த அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். ஏசி குளிர் வெளியே போகக் கூடாதாம்.