சுண்ணாம்புப் பள்ளத்தில் பதிந்த ஆல்பம்

அண்ணன் திருச்சியிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தான். வெளிநாட்டு இசைக்குழு ஒன்றின் முதல் ஆல்பம். "சைக்கடெலிக் ராக்" என்றான். அர்த்தம் அவனுக்கும் தெரியாது. மதிய வெயிலில் கண்ணை மூடிக் கேட்டபோது கிட்டார் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பாடுகிறவனின் குரல் புகைபோலக் கலைந்து, வேறொரு மூலையில் மறுபடி கூடியது.

அது தொண்ணூறுகளின் கடைசி. வரதராஜன்பேட்டையில் மாதா கோயிலில் நான் கீபோர்டு வாசித்துப் பாடிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் கிட்டார் இருந்தது. கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கும் அவன் நண்பனும் சேர, நாங்களும் ஒரு குழுவானோம். ஆனால் வீட்டுக்குள் எப்படி வாசித்தாலும் அந்த மிதப்பு வரவில்லை.

"ஸ்டுடியோவுல மெஷின் வெச்சு எக்கோ குடுப்பாங்கடா. நாம எங்க போறது?" என்றான் நண்பன்.

அண்ணன் எங்களை அரியலூர்ப் பக்கம், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அழைத்துப் போனான். வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த பெரும் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். ஒரு தந்தியை மீட்டினான். எதிர்ச்சுவர் அதை வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது.

பேட்டரி டேப் ரெக்கார்டரைப் பாறைமேல் வைத்துப் பதிந்தோம். பாதிப் பாட்டில் அடுத்த சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்தது, தண்ணீர் சிலிர்த்தது, தூரத்தில் வெள்ளைத் தூசி எழுந்தது. நான் பாட்டை நிறுத்தப் போனேன். "விடாத" என்று அண்ணன் உதட்டசைத்தான். முழக்கம் அடங்கும்வரை ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் குரல் எது, பள்ளத்தின் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை.

அதுதான் எங்கள் முதல் ஆல்பம். தெரிந்த பஸ் டிரைவர் ஒருவரிடம் ஒரு கேசட் கொடுத்தோம். மறுநாள் நான் ஏறியபோதே அது ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பேச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. மடியில் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "என்ன பாட்டும்மா இது? சொரம் அடிச்சுப் படுத்திருக்கையில கேக்குற மாதிரி இருக்கு" என்றார்.

"நான்தான்க்கா பாடுனேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இன்னொருக்கா போடச் சொல்லு."

பிறகு அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போனான். நண்பன் கச்சேரிக்கே திரும்பினான். இரண்டாவது ஆல்பம் வரவேயில்லை. நாடா நைந்து அறும்வரை அதை ஓட்டியதாக டிரைவர் சொன்னார். காலையில் முதல் டிரிப்பில் மட்டும், ஜனங்கள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது.