அணுகுண்டுப் பை

மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சண்டைப்படம் என்று நம்பி அவர் வாங்கிவந்த சிடி, பழைய கறுப்பு வெள்ளை வெள்ளைக்காரப் படமாகப் போய்விட்டது. ஏமாந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அவரே கதை சொன்னார்.

"ஏத்தா, அந்தாளு பையில அணுகுண்டு இருக்கு. வெடிச்சா ஊரே சாம்பல். அதான் சனமெல்லாம் ஓடிருச்சு."

திரையில் ஆளில்லாத தெருக்கள் வந்துகொண்டே இருந்தன. மறுநாள் பையோடு வந்த போஸ்ட்மேனைப் பார்த்துக்கூட ஒளிந்துகொண்டேன்.

அந்த வாரமே முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இலங்கையில் சண்டை நடந்த காலம். தப்பி வருகிறவர்களை அந்தப் பக்கத்துப் படகுகள் நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். மீன்பிடிக்கப் போகும் எங்கள் ஆட்கள் கண்டால் கரைக்குக் கூட்டிவந்து, போலீஸ் வருவதற்குள் சோறு போட்டுவிடுவார்கள். எங்கள் ஊர் அக்காள்மடத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. அப்பா அவரை எங்கள் வாசல் பனைமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போலீசுக்குத் தகவல் சொல்லப் போனார். மடியில் ஒரு ரெக்சின் பை. சாப்பிடும்போதும் இடதுகையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை. பார்வை எதிலும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. படத்தில் பார்த்த தெருவேதான்.

"அம்மா, பையில குண்டு இருக்கு. வா, ஓடிருவோம்" என்று சேலையை இழுத்தேன்.

"சும்மா கெட. சாப்புடுற மனுசன்."

தம்பி வேறு அவருக்கெதிரே மண்ணளைந்துகொண்டிருந்தான். அம்மாவும் தம்பியும் சாகப்போகிறார்கள், எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று மறுபடியும் சேலையை இழுத்தேன்.

அப்போது உச்சிப்புளிக் கடற்படைத் தளத்துப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் வந்தது. எங்களுக்கு அது காக்கா மாதிரி, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவரோ தட்டையும் பையையும் எறிந்துவிட்டுப் பாய்ந்து, தம்பியை மண்ணோடு அணைத்து அவன்மேல் கவிழ்ந்துகொண்டார். நான் ஓடிப்போய் அவர் முதுகில் குத்தினேன். அவர் அசையவில்லை.

"பயப்பிடாத மகள், போயிடும், போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், சத்தம் கடலுக்குள் போய் மறைந்த பிறகும்.

பை வாய் திறந்து கிடந்தது. உள்ளே மடித்துவைத்த ஒரு மஞ்சள் கவுன், என் அளவைவிடச் சின்னது. வேறொன்றும் இல்லை. பயம் போனதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, தம்பியப் போயி மகள்ங்கிறாரு."

அம்மா என் வாயைப் பொத்தினாள். ஆணா பெண்ணா என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை, அதற்கு அம்மா ஏன் அழ வேண்டும் என்று நினைத்தேன்.