வலது காது

"உன் ஹெட்செட்ல ஒரு பக்கம் ரிப்பேரா?" என்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ரம்யா கேட்டாள். என் இடது காதில் மெட்டல் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. வலது காது வழக்கம்போல் சும்மா இருந்தது.

சிவகாசியில் நான் பள்ளியில் படித்தபோது அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தார். அம்மாவின் சட்டம் ஒன்றுதான்: "ஒரு காதுல என்ன எளவையும் கேளு. ஒரு காது வெளிய இருக்கணும்." அதனால் எல்லாப் பாட்டும் எனக்குப் பாதிதான் தெரியும்.

ஒரு தீபாவளி சீசனில், புது சிடி கிடைத்த ஆசையில், ஹெட்செட்டை இரண்டு காதிலும் மாட்டினேன். ஒரு கிதாருக்கு இன்னொரு கிதார் பதில் சொல்வது அன்றுதான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அம்மா வீட்டில் இல்லை. தெருவே முக்கில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்குக் கேக்கவே இல்லையாடி?" என்றாள் அம்மா.

வெடித்தது வேறு கம்பெனி என்று தெரிய ஒரு மணி நேரம் ஆனது. சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய அப்பாவிடம் அம்மா என்னைப் பற்றிப் புகார் சொன்னாள். அவர் வெள்ளி நிற மருந்துப் பொடி படிந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"அம்புட்டு நல்ல பாட்டா?"

யாரும் சிரிக்கவில்லை.

அப்பா வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது.

"ஆமா, ரிப்பேர்தான்" என்றேன் ரம்யாவிடம்.