ஏற்காட்டுக்கு ரயில் விட்ட எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவரை அறிந்த உங்கள் அனைவர் கைகளிலும் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுக்கிறோம். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அவரைப் பற்றி எழுதும் கடமை என்னிடம் வந்தது. நல்லவற்றை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இப்போது நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஏற்காட்டு மலையில் நாகலூருக்குப் பக்கத்தில், எங்கள் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்த்த காபி எஸ்டேட்டில். எனக்கு ஏழு வயது மூத்தவர். எனக்கு நான்கு வயதானபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார்கள். அதன்பின் எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் வரை கையைப் பிடித்து நடத்திப் போனவர் அண்ணன். பின்னல் எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். அதைச் சொல்லி நான் அழுவேன். மறுநாளும் அவர்தான் பின்னுவார்.

காபிப் பழம் எடுக்கும் காலத்தில் எஸ்டேட் பிள்ளைகள் நாங்களும் விளையாட்டாகக் கூடை கட்டிக்கொண்டு போவோம். எல்லார் கூடையிலும் சிவப்புப் பழமாக இருக்கும். அண்ணன் கூடையில் பாதி பச்சைக்காய். "கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பறிடா" என்று அப்பா எல்லார் முன்னாலும் திட்டுவார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காயைப் பொறுக்கிப் போடுவார். அப்போதும் பழத்தைத்தான் பாதி எடுத்து எறிவார்.

பத்து வயதில் சேலம் ஜங்ஷனில் முதன்முதலாக ரயிலைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு ஆசை இல்லை. பள்ளி இறுதி முடித்ததும் ரயில்வே தேர்வு எழுதித் தேறினார். நாகலூரில் எல்லாருக்கும் அப்பா மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பிறகு மருத்துவச் சோதனைக்குச் சென்னைக்குப் போனார் அண்ணன். அங்கே ஒரு புத்தகத்தைப் பிரித்து, வண்ணப் புள்ளிகளுக்குள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். அண்ணனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன.

திரும்பி வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னார்: "பச்சையும் செவப்பும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுதாமுங்கப்பா. ரயில்வேக்கு ஆவாதுன்னுட்டாங்க."

அப்பா, "அந்தக் கூடை..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் அதே எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தார். அப்பாவுக்குப் பிறகு அவரே ரைட்டர். வாழவந்திக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உடன் போவது என்று அவர் செய்தவற்றை உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியவரும் அவர்தான். அவருக்கு இரண்டு இடங்களில் பெண் பார்த்தோம். கண் கோளாறு பிள்ளைகளுக்கும் வரும் என்று இரண்டு வீட்டாரும் பின்வாங்கினார்கள். மூன்றாவது இடம் பார்க்க வேண்டாம் என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குமேல் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஊரைக் காலி செய்து வெளிநாடு போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளின் பொம்மை ரயிலை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பொருத்தும் தண்டவாளம். கரண்டில் ஓடுவது. அவருடைய வாழ்க்கை அதில்தான் நின்றது.

எனக்குத் திருமணமாகி, நானும் என் கணவரும் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பகுதிக்குக் கீழே வீடு கட்டினோம். அஸ்திவாரம் தோண்டியது முதல் ஓடு வேய்ந்தது வரை அண்ணன் கூடவே நின்றார். பின்னறை அண்ணனுக்கு என்று அப்போதே பேச்சு. அப்பா காலமானதும் அவர் எங்களோடு வந்து சேர்ந்தார். அந்த அறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஒரு மலை ரயில் பாதையைக் கட்டினார். சேலத்துச் சமவெளியில் புறப்பட்டு, வளைந்து வளைந்து ஏறி, சுரங்கத்துக்குள் நுழைந்து, ஏற்காடு வந்து, நாகலூரில் முடியும் பாதை. எங்கள் மலைக்கு ரயில் வந்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் அறையில் வந்தது.

கம்பி வலையை வளைத்து, பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்து ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசி மலைகளைச் செய்தார். காய்ந்த பாசியைக் கிள்ளி வைத்தால் காபிச் செடி. மெல்லிய குச்சிகளில் சில்வர் ஓக் மரங்கள். பொம்மைத் தண்டவாளம் போதாததால் பித்தளைக் கம்பியை ஈயப்பற்று வைத்துத் தாமே செய்தார். சிக்னலுக்கு விளக்கு வைக்காமல் கைகாட்டி மரம்தான் வைத்தார். கை இறங்கினால் போகலாம், நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். அதற்கு நிறம் தெரிய வேண்டியதில்லை அல்லவா. பெயின்ட் டப்பாக்களின் மேல் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுவது என் வேலை. "இந்த எல நெசமான எல மாதிரி இருக்குதா கண்ணு?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். அவருடைய கண்ணாக நான் இருந்த காலம் அது.

கட்டியதைவிட அதைப் படம் எடுப்பதில் அவருக்கு ஈடுபாடு அதிகம். ஒண்டிக்கடையில் ஸ்டுடியோ வைத்திருந்த பழனிசாமி அவர்கள் தம் பழைய கேமராவை அண்ணனுக்கென்றே கொடுத்து வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம்தான் எடுப்பார். கலர் பிலிம் வந்த பிறகும் மாறவில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "இதுல நான் பாக்கறதும் நீ பாக்கறதும் ஒண்ணுதானே" என்றார்.

கேமராவைத் தண்டவாளத்தின் மட்டத்துக்கு இறக்கி வைப்பார். "மேல நின்னு எடுத்தா பொம்மைங்க. அங்க நிக்கற ஆளோட கண்ணு ஒசரத்துல எடுத்தா ரயிலுங்க" என்று பழனிசாமி அவர்களிடம் விளக்குவார். பஞ்சை மெல்லியதாகப் பிய்த்துப் புகைபோக்கியில் செருகுவார். மூடுபனி இறங்கும் காலையில் பின்னறை சன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். பனி உள்ளே வந்து அந்தச் சின்ன மலைகளின்மேல் படரும்போது ஷட்டரைத் திறந்து, வாய்க்குள் எண்ணுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தக் கூடாது.

அப்படி எடுத்த படம் ஒன்றைப் பழனிசாமி அவர்கள் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ முகப்பில் மாட்டினார். சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஏனுங்க, ஏற்காட்டுக்கு எப்பங்க ரயிலு வுட்டாங்க? நாங்க பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி வந்தோமுங்களே" என்று கேட்டாராம். அண்ணன் அருகில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் படுத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு அறை முழுக்க மண்ணும் பாசியும் ஒயருமாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆம், அறையைக் காலி செய்துவிடலாம் என்று முதலில் தோன்றியது எனக்குத்தான். என் கணவர் பிறகுதான் சம்மதித்தார்.

"மாமாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யலாமுங்கம்மா" என்றாள் மகள்.

"உன் கல்யாணத்துக்கு மாமா வேண்டாம்னா சொல்லுவாரு?" என்று அவள் வாயை அடைத்தேன்.

ரயில் பாதை இருந்த பெரிய மேசை கதவு வழியாக வரவில்லை. தச்சரைக் கூப்பிட்டு ரம்பம் போட்டு நான்கு துண்டாக அறுத்தோம். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவரின் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தோம். அறைக்குப் பெயின்ட் அடித்துக் கட்டில் போட்டோம். வந்தவர்கள் முன்னறையிலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அரைமணியில் கிளம்பினார்கள். பின்னறைப் பக்கம் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சம்பந்தம் அமையவும் இல்லை. அடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் மலையிறங்கிப்போய் அண்ணனைப் பார்ப்பேன். மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பாலம் வரைந்து வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் கட்ட வேண்டியது என்பார்.

"சன்னல் ஓரமா ஊடு ஒழுவுதா கண்ணு? சொரங்கத்து மேல தண்ணி பட்டா பிளாஸ்டர் கரைஞ்சுரும்."

"எல்லாம் அப்படியே இருக்குதுங்கண்ணா. நீங்க நெனச்சுக்காதீங்க."

ஆறு சனிக்கிழமை இதைச் சொன்னேன்.

அவர் வீடு திரும்பிய நாளில் நான் அடுப்படியில் நின்றுகொண்டேன். பின்னறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். அண்ணன் புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன கலரு கண்ணு அடிச்சிருக்கீங்க?"

"பச்சைங்கண்ணா."

"நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் கொட்டகைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தகரம் ஒழுகி மலைகள் கரைந்து செய்தித்தாள் வெளியே தெரிந்தது. கரையான் ஏறியிருந்தது. எஞ்சினின் சக்கரங்கள் துருவில் இறுகிவிட்டன. அண்ணன் மெல்லக் குனிந்து, ஒரு துண்டின் அடியில் கையை விட்டுத் தடவினார்.

"அடியில போல்ட்டு இருக்குது கண்ணு. ஊடு மாறுனா எடுத்துட்டுப் போவணும்னு அப்படித்தான் கட்டுனேன். போல்ட்டக் கழட்டியிருந்தா நாலு பாகமா அலுங்காம வந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அன்று மாலையே கேமராவைத் துடைத்துப் பழனிசாமி அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் இரண்டு ஆண்டு இருந்தார். சாப்பிடுவார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார், கேட்டால் பதில் சொல்வார். பகலெல்லாம் பச்சைச் சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பிளைவுட்டும் பிளாஸ்டரும் வாங்கி வந்து முன்னால் வைத்தேன். "இனி யாருக்குக் கண்ணு" என்றார். பிளாஸ்டர் மூட்டை பிரிக்கப்படாமலே ஈரத்தில் கட்டியாகிவிட்டது.

ஒருநாள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "ஒரு வார்த்த திட்டிருங்கண்ணா. என்னால தாங்க முடியல."

அண்ணன் என் தலையில் கையை வைத்தார். "நீ வேணும்னு செய்யல சாமி. எனக்குத் தெரியும்." கையை எடுத்துக்கொண்டு, "ஆனா எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் அவருக்கு மூச்சுத் திணறியது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினோம். முன்னால் ஒன்றும் தெரியாத பனி. என் மடியில் தலை வைத்திருந்தார். பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. ஜீப்பைத் திருப்ப இடமில்லாமல் இன்னும் இரண்டு வளைவு அவரோடு கீழே போய்த்தான் மேலே வந்தோம்.

இந்த மலருக்காக அவருடைய பெட்டியைத் திறந்து நெகடிவ்களை எடுத்தேன். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தன. பழனிசாமி அவர்கள் பல நாள் பாடுபட்டும் மூன்றுதான் தேறின. அவற்றை நடுப்பக்கங்களில் அச்சிட்டிருக்கிறோம். ரயில் தெரிவது ஒன்றில்தான். மற்ற இரண்டில் தண்டவாளமும் பனியும் மட்டும்.

அன்று காலை ஜீப் எடுத்து வந்த அண்டை வீட்டாருக்கும், ஜெபம் செய்து அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், சேலத்தில் மூன்று மாதம் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், வேலையை விட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்த எஸ்டேட் மக்களுக்கும், படங்களை மீட்டுத் தந்த பழனிசாமி அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதையெல்லாம் மலரில் எழுத வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். அண்ணன் அமைதியாக வாழ்ந்து அமைதியாக மறைந்தார் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதினேன். அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டது ஒருமுறை அல்ல. கேட்கும்போதெல்லாம் "போய்ச் சாப்பிடு கண்ணு" என்பார். மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்காகக்கூட அவர் பொய் சொல்ல மாட்டார்.